ஒநேசிமுவின் கையிற் கொடுத்த கடிதம்

நம்மிடையே வாழும் கிறிஸ்தவத் தமிழர் பலர் நாள்தோறும் வேதத்தில் ஒரு சிறு பகுதியை வாசித்து, வாசித்ததைச் சற்றுநேரம் மனத்தில் இருத்திச் சிந்தித்து, அதன்பின் ஜெபம் செய்தலை வழக்கமாகக் கொண்டுள்ளனர். விடியலில் வேலைக்குப் புறப்படுமுன் சிலர் வாசிக்கின்றனர். இரவில் வீட்டார் யாவரும் ஒருங்கு கூடியபின் வாசிப்போர் பலர். எழுத்தறிந்த பிள்ளை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பாட்டி கண்மூடிக் கேட்டிருக்கும் காட்சி நாம் பலமுறை கண்டதே. நூலை நாடோறும் கையிலெடுக்கும் வழக்கம் எந்தக் கூட்டத்தாரிடம் இருப்பினும் அதை நாம் பாராட்டவே கடமைப்பட்டுள்ளோம். ஆண்டுக்கொருமுறை சரசுவதி பூசையன்று ஏட்டுக்குப் பொட்டிட்டு வணங்கிவிட்டுப் பின் அதைத் திறவாதிருக்கும் நம்மவர் அவ்வழக்கத்தைக் கண்டு நாணவும் இடமுண்டு.

ஆயினும், வாசித்தல் ஒன்று. எவ்வாறு வாசித்தல் என்பது வேறொன்று. இப்பின்னதைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். சீர்திருத்த ஏட்டின் இலக்கியப் பகுதியில் வேத வாசிப்புக்கு என்ன வேலை என்று தோழர் சிலர் முகஞ்சுளிக்கலாம். மதப் பிரசாரத்துக்கு இப்பகுதியில் இடமில்லை. மத நிந்தனைக்கும் இடமில்லை. ஆனால் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு எழுதிய கடிதம் எவர் கையில் இருப்பினும் இலக்கியமே. அதைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் உரிமை திறனாய்வுக்கு உண்டு.

புதிய ஏற்பாட்டில் அடங்கிய 27 நூல்களில் 21 கடிதங்களாகும். நிருபம் என்னும் கனத்த பெயர் சூட்டி நாம் அவற்றை எட்டத்தில் நிறுத்திவிட்டோம். அவை எழுதப்பட்ட நாளில் கோவிற் கட்டடம் என்பதொன்று கிறிஸ்தவர்க்கு இல்லை. யாரேனும் ஓர் அன்பர் வீட்டுக் கூடத்தில் ஆண்டையும் அடிமையும், ஆணும் பெண்ணும் கூடியிருக்க, ஒருவர் எழுந்து கடிதத்தை முதலிலிருந்து முடிவுவரை படிப்பார். மற்றவர் கேட்பர். அதிகாரம், வசனம் என்ற எண்களெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வந்தவை. பவுலின் பேரால் வழங்கும் 13 கடிதங்களில் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. 25 வசனங்கள், கிரேக்க மூலத்தில் 335 சொற்கள். ஒருவர் வெற்றிலை மடித்து மென்று முடிக்குமுன் அதை வாசித்து முடித்துவிடலாம். அத்துணைச் சிறியதாயினும், அக்கடிதத்தில் ஒரு மனிதரின் உடல் பணயமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

செய்தி இதுதான். பிலேமோன் என்பவர் சிற்றாசியாவில் வாழ்ந்த வசதி படைத்த கிறிஸ்தவர். அவர் வீட்டிலேயே சபை கூடும். அவரிடம் ஒநேசிமு என்னும் அடிமை இருந்தார். அவ்வொநேசிமு எவ்வாறோ சிறையிலிருந்த பவுலிடம் வந்து சேர்ந்து, அவராற் கிறிஸ்தவரானார். இப்போது பவுல் அவரை ஆண்டையிடமே திருப்பி அனுப்புகிறார். கையில் இக்கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். எச்சிறை, எவ்வாண்டு என்பவற்றில் அறிஞர்க்குள் வழக்குண்டு. எபேசு என்பாரும் ரோமாபுரி என்பாரும் உளர். கி.பி. 50-களிலோ 60-களின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது என்ற அளவில் நாம் அமையலாம்.

இனிக் கடிதத்தின் போக்கைப் பார்ப்போம். பவுல் தம்மை அப்போஸ்தலர் என்று தொடங்கவில்லை. கட்டுண்டவன் என்று தொடங்குகிறார். பெறுவோர் பெயர்களிற் பிலேமோன் முதலில் வருகிறார். அப்பியாள் என்னும் அம்மையும், அர்க்கிப்பும் அடுத்து வருகின்றனர். இறுதியில் அவ்வீட்டிற் கூடும் சபையார் அனைவரும் வருகின்றனர். தனி விஷயத்துக்கு எழுதும் கடிதத்தில் ஊராரை ஏன் அழைத்தார்? இதைக் கவனியாதவர் கடிதத்தையே கவனியாதவர் என்போம். முதலிலும் முடிவிலும் பன்மையிற் பேசும் அவர், நடுவே உள்ளதெல்லாம் பிலேமோன் ஒருவரையே நோக்கி ஒருமையிற் பேசுகிறார். பஞ்சாயத்தார் சூழ்ந்திருக்க ஒருவரை மட்டும் முன்னே அழைத்துக் காதோடு பேசுவதுபோன்ற அமைப்பு அது. காதோடு பேசினாலும் அத்தனை பேருக்கும் கேட்கும். மறுநாள் எல்லாரும் பிலேமோன் முகத்தைப் பார்ப்பர்.

அடுத்துப் புகழ்ச்சி. பரிசுத்தவான்களின் உள்ளங்கள் உம்மால் இளைப்பாறின என்கிறார். அவ்விடத்தில் உள்ளம் என்று நாம் சொல்வதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் வயிற்றின் உள்ளுறுப்புகளைக் குறிப்பது. பெற்ற வயிறு துடித்தது என்று நம் பெண்கள் சொல்வார்களே, ஏறக்குறைய அந்தச் சூடு உள்ள சொல். அச்சொல் இச்சிறு கடிதத்தில் மூன்று முறை வருகிறது. முதலில், பிறர் உள்ளங்களை இளைப்பாற்றுபவர் நீர் என்கிறார். பின்னர், ஒநேசிமுவைக் குறித்து, இவரே என் உள்ளம் என்கிறார். கடைசியில், என் உள்ளத்தை இளைப்பாற்றும் என்கிறார். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பிலேமோன் தப்புவதற்கு வழியில்லை. எல்லார் உள்ளத்தையும் குளிர்விப்பதாகப் பெயரெடுத்தவர், இந்த ஒருவரை மட்டும் எப்படிச் சுடுவது? தருக்க நூலார் பல ஏடுகளிற் சொல்வதை இவர் ஒரு சொல்லை மூன்றிடத்தில் வைத்தே முடித்துவிட்டார்.

ஒநேசிமு என்னும் பெயரை அவர் வெளியிடும் முறையும் நோக்கத்தக்கது. கடிதத்திற் பத்தாவது வசனம் வரையில் அப்பெயர் இல்லை. கட்டளையிட எனக்கு உரிமையுண்டு, ஆயினும் மன்றாடுகிறேன் என்று முன்னுரைத்து, முதியவன், கட்டுண்டவன் என்று தம் நிலையைச் சொல்லி, பின்னர் என் மகன் என்கிறார், சிறையிற் பெற்ற மகன் என்கிறார், அதன்பின்னரே பெயர். பெயரைக் கேட்டவுடன் ஆண்டைக்குக் கோபம் பொங்கும் என்பதை அறிந்து, அக்கோபம் வந்து விழுவதற்குமுன் மகன் என்னும் சொல்லைக் குறுக்கே நிறுத்திவிட்டார். உடனே ஒரு சிலேடை. ஒநேசிமு என்றால் கிரேக்கத்திற் பயனுள்ளவர் என்பது பொருள். அடிமைகளுக்கு ஆண்டைகள் இத்தகைய பெயர்களை இடுவது அக்கால வழக்கம், மாட்டுக்குப் பெயரிடுவதுபோல. முன்னர் உமக்குப் பயனற்றிருந்தவர், இப்போது உமக்கும் எனக்கும் பயனுள்ளவர் என்று பவுல் அப்பெயரோடு விளையாடுகிறார்.

பிறகு பொறுப்பு. இவர் உமக்கு ஏதேனும் அநியாயஞ் செய்திருந்தால், கடன்பட்டிருந்தால், அதை என் கணக்கில் எழுதும். நான் தீர்ப்பேன் என்கிறார். இவ்விடத்தில் எழுத்தாளர் கையிலிருந்து எழுதுகோலை வாங்கித் தம் கையாலேயே எழுதுகிறார். கடைக்காரரிடம் கைச்சீட்டு எழுதிக் கொடுப்பது போன்ற செயல். அதோடு விடாமல், நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருப்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லாததுபோற் சொல்லியும் விடுகிறார். நகைச்சுவையும் முள்ளும் ஒன்றாகப் பொருந்திய இவ்விடத்துக்கு ஈடாக அக்காலக் கடிதங்களில் நாம் அதிகங் கண்டதில்லை. முடிவில், எனக்கும் ஓர் இடம் ஆயத்தஞ் செய்யும், வருவேன் என்கிறார். விருந்தாளி வருகிறார் என்ற செய்தியில் மேற்பார்வையும் அடங்கியிருக்கிறது.

இதனோடு வைத்து நோக்க இன்னொரு கடிதம் உண்டு. ரோமானியப் பெருமகனான இளைய பிளினி, சபினியானு என்னும் தம் நண்பருக்கு எழுதியது. அங்கும் ஆண்டை சினந்திருக்கிறார். அங்கும் கீழ்ப்பட்டவர் ஒருவர், முன்னமே விடுதலை பெற்ற அடிமை, பிளினியின் காலில் வந்து விழுந்து பரிந்துரை வேண்டுகிறார். பிளினியின் கடிதம் பண்பானது, தெளிவானது. அவன் அழுதான், மன்றாடினான், நன்றாகக் கண்டித்தேன், இளைஞன், மன்னித்துவிடும், கோபம் உம்மையே வருத்தும் என்று எழுதுகிறார். இரண்டாவது முறை கேட்கமாட்டேன் என்று அவனை மிரட்டியும் வைத்தாராம். நண்பர் மன்னித்தார், பிளினி நன்றி சொல்லி எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. நல்ல மனிதர்தாம், ஐயமில்லை. ஆனால் பிளினி எங்கே நிற்கிறார்? ஆண்டையின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொண்டு, தரையிற் கிடப்பவனுக்காகப் பேசுகிறார். பவுலோ, என்னை ஏற்றுக்கொள்வதுபோல் இவரை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லித் தாமே எழுந்துபோய்த் தரையில் உள்ளவர் பக்கத்தில் நின்றுகொள்கிறார். கண்டித்தேன் என்று ஒரு சொல் இல்லை. அவர் அழுதார் என்றும் இல்லை. மன்னியும் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. நடையழகிற் பிளினி மேலானவர் என்பாருடன் நாம் வழக்காடோம். உள்ளத்தின் உயரத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

இதுவரை புகழ்ந்தோம். இனி நம் மனத்தில் உறுத்துவதையும் சொல்லவேண்டும்.

விடுதலை செய்யும் என்று பவுல் எங்கும் எழுதவில்லை. இனி அடிமையாக அன்று, அடிமைக்கு மேலானவராக, பிரியமான சகோதரராக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். சொல்வதற்கு மேலாகவும் செய்வீர் என்று அறிவேன் என்கிறார். அந்த மேலானது யாது? சங்கிலியைக் கழற்றுவதா? பவுலுக்கே திருப்பி அனுப்புவதா? சங்கிலியோடு சேர்த்துத் தழுவிக்கொள்வதா? சொல்லின் வாயிலிற் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கதவைத் திறக்கும் பொறுப்பை ஆண்டையிடமே விட்டுவிட்டார். இவரோ மோசேயின் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். உபாகமம் 23-ஆம் அதிகாரத்தில், ஆண்டையிடமிருந்து தப்பி வந்த அடிமையை ஆண்டையிடம் ஒப்படைக்கலாகாது என்று தெளிவான கட்டளை இருக்கிறது. அச்சட்டத்தை அறிந்தவர் இவரைத் திருப்பி அனுப்பினார். காலம் அப்படி, ரோமச் சட்டம் அப்படி, வேறு செய்திருந்தால் ஒநேசிமுவுக்கே இன்னல் என்று பலர் சமாதானஞ் சொல்வர். அச்சமாதானத்தில் உண்மை உண்டு. முழு உண்மை உண்டென்று நாம் ஒப்புவதற்கில்லை. வேண்டுகோளாக வைத்தால் ஆண்டைக்குப் பெருமை; கட்டளையாக வைத்திருந்தால் அடிமைக்கு உறுதி. பவுல் முதலதைத் தெரிந்துகொண்டார். அதன் விலையைப் பின்வந்தோர் கொடுத்தனர்.

எவ்வாறு கொடுத்தனர் என்பதைச் சற்றே பார்ப்போம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், இக்கடிதம் வேதத்தில் இடம்பெறத் தகாத அற்ப விஷயத்தைப் பேசுகிறது என்று கருதியோர் இருந்தனர். கிறிசொஸ்தோமும் ஜெரோமும் அவர்களுக்கு மறுமொழி எழுதினர். ஓர் அடிமையின் செய்தி அற்பமானது என்று கருதிய அறிவாளிகள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் உண்டுபோலும். கடிதத்தைக் காப்பாற்றிய கிறிசொஸ்தோமே, அடிமைகளை ஆண்டைகளின் ஊழியத்திலிருந்து பிரித்தலாகாது என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்றாக எடுத்துரைத்தார்.

இன்னும் ஒன்று. ஒநேசிமு திருடிக்கொண்டு ஓடியவர் என்று நம் பிரசங்கிமார் கூசாது சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். கடிதத்தைத் திறந்து பாருங்கள். ஓடினார் என்ற சொல் அதில் இல்லை. திருடினார் என்ற சொல் அதில் இல்லை. ஏதேனும் செய்திருந்தால் என்று ஓர் 'ஆல்' மட்டுமே உண்டு. ஆண்டையோடு பிணங்கிய அடிமை, ஆண்டையின் நண்பரிடம் போய்ப் பரிந்துரை வேண்டினால் அவர் ஓடிப்போனவராகமாட்டார் என்று ரோமச் சட்ட வல்லுநர் சிலரே கருத்துரைத்திருந்தனர். ஒநேசிமுவின் நிலை அதுவாகவும் இருக்கலாம் என்று ஜெர்மானிய அறிஞர் பேட்டர் லாம்பே 1985-இல் எடுத்துக்காட்டினார். அது முடிந்த முடிபு அன்று. ஆயினும், குற்றம் சாட்டப்படாதவரைக் கள்வராக்கிவிட்டு, அதன்மேல் மன்னிப்பின் மாண்பைப் பற்றித் தியானஞ் செய்வது என்ன நீதி?

லூத்தர் தமது முன்னுரையில் இக்கடிதத்துக்கு ஓர் உருவகப் பொருள் கூறினார். நாம் எல்லோரும் ஒநேசிமுக்கள். பவுல் பிலேமோனிடம் பரிந்தது போலக் கிறிஸ்து நமக்காகப் பரிகிறார் என்பது அதன் சாரம். பக்தியுள்ள நெஞ்சுக்கு இது இனிக்கும். நாள்தோறும் தியானிப்போர் பலர் இன்றளவும் இவ்வழியே செல்கின்றனர். ஆனால் இவ்வுருவகத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த வேடம் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தோமா? அடிமைக்குப் பாவியின் வேடம். ஆண்டைக்குக் கடவுளின் வேடம்! கூடத்தில் நிறுத்திப் பதில் சொல்லும்படி பவுல் மடக்கிய மனிதரை, இவ்விளக்கம் சிம்மாசனத்தில் ஏற்றி உட்காரவைத்துவிட்டது. கடிதத்தின் முனை பிலேமோனை நோக்கியது. உருவகம் அதைப் பிடித்து ஒநேசிமுவை நோக்கித் திருப்பிவிட்டது. லூத்தர் அதனைக் கருதி எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. விளைவு அதுவே.

அமெரிக்க நாட்டில் அவ்விளைவு பச்சையாகவே வெளிப்பட்டது. அடிமைகளை வைத்திருந்தோர் இக்கடிதத்தைத் தம் பட்டயமாகக் கொண்டனர். ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்கக் கட்டளையிட்ட 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய வாதங்களிலும் பிலேமோன் பெயர் அடிபட்டது. அதற்கு முன்னரே, 1833-இல், ஜார்ஜியா மாநிலத்தில் சார்லஸ் கோல்காக் ஜோன்ஸ் என்னும் போதகர் அடிமைகள் நிறைந்த கூட்டத்தில் இக்கடிதத்தை எடுத்துப் பேசினார். ஊழியத்தில் உண்மை, கீழ்ப்படிதல் என்று தொடங்கி, ஓடிப்போதல் பாவம் என்று பவுலின் பேரால் உரைத்தார். கேட்டவர்களிற் பாதிப்பேர் எழுந்து வெளியே நடந்துவிட்டனர். மற்றவர் மனநிறைவின்றி அமர்ந்திருந்தனர். அப்படியொரு கடிதம் வேதத்திலேயே இல்லை என்று சிலர் அடித்துச் சொன்னார்களாம். இதை எழுதிவைத்தவர் அப்போதகரேயாவார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்களின் திறனாய்வை நாம் மிக உயர்வாகவே மதிக்கிறோம். அவர்கள் கேட்ட கடிதம் வேதத்தில் இல்லைதான். போதகர் உரைத்தது பவுலின் கடிதமன்று. அதன் நடுப்பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்ட ஓடு.

ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்பினச் சிந்தனையாளர் 1949-இல் வெளியிட்ட தம் நூலிற் கூறும் செய்தி இதைவிட நெருங்கி வந்து நம்மைத் தொடுகிறது. அவருடைய பாட்டியார் அடிமையாய்ப் பிறந்தவர், எழுத்தறியாதவர். வாரத்தில் இரண்டு மூன்று முறை பேரன் வேதத்தை வாசித்துக் காட்டவேண்டும். எதை வாசிப்பது என்பதில் பாட்டியார் கண்டிப்பானவர். பவுலின் கடிதங்களை அவர் வாசிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் மட்டும் எப்போதேனும் விலக்கு. காரணம் கேட்கவே பேரனுக்குப் பல ஆண்டுகள் துணிவு வரவில்லை. கேட்டபோது பாட்டியார் சொன்னார்: அடிமைக் காலத்தில் ஆண்டையின் பிரசங்கி ஆண்டுக்குச் சிலமுறை வந்து, அடிமைகளே ஆண்டைகளுக்குக் கீழ்ப்படியுங்கள் என்னும் பவுலின் வாக்கையே எப்போதும் எடுத்துப் பேசுவார், விடுதலை பெற்று, எழுத்துங் கற்றுக்கொண்டால், அப்பகுதியை வாசிப்பதில்லை என்று அன்றே உறுதி செய்துகொண்டேன் என்று. நாள்வாசிப்பு என்பதற்கு இவ்வம்மையாரைவிட மேலான ஆசிரியர் நமக்குக் கிடைப்பது அரிது. கேட்டதையெல்லாம் விழுங்காது, யார் வாயிலிருந்து, யாருக்காக வருகிறது என்று அவர் எடைபோட்டார்.

நிற்க. நம் தமிழுக்கு வருவோம். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு முதல், போவர் முதலியோர் திருத்தி 1871-இல் முழுநூலாக வெளிவந்த மொழிபெயர்ப்பு வரை, நம் மொழியில் இக்கடிதத்துக்கு நெடிய வரலாறுண்டு. பின்னதே சீர்திருத்தக் கிறிஸ்தவர் வீடுகளில் இன்றும் பெருவழக்கில் இருப்பது. அதன் நடை மணிப்பிரவாளம் கலந்தது என்று குறைகூறுவது எளிது. அது நம் நோக்கமன்று. ஆங்கிலத்தார் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே சொல்லை வழங்குவதால், அவர்களுடைய இக்கால வாசிப்பில் ஊராரை அழைக்கும் இடமும் பிலேமோனைத் தனித்துப் பிடிக்கும் இடமும் வேறு தெரிவதில்லை. தமிழில் 'உங்களுக்கு' என்பதும் 'உமக்கு' என்பதும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. இது நம் மொழிக்கு வாய்த்த நற்பேறு. பெயரின் சிலேடை மட்டும் தமிழில் மறைந்துபோயிற்று. 'பிரயோஜனம்' என்ற சொல்லிலிருந்து ஒநேசிமுவின் பெயர் யார் காதிலும் ஒலிக்காது.

மறைந்தது அதுவென்றால், புதிதாக வந்து சேர்ந்ததும் ஒன்றுண்டு. கிரேக்கத்திற் கீழோர்க்கு ஒரு சொல், மேலோர்க்கு ஒரு சொல் என்ற மரியாதைப் பாகுபாடு இல்லை. தமிழிலோ அதைத் தவிர்த்து வாய் திறக்கவே இயலாது. ஆகவே மொழிபெயர்த்தோர் பிலேமோனை 'நீர்' என்றனர். ஒநேசிமுவை 'அவன்' என்றனர். அம்மொழிபெயர்ப்பிற் பேதுருவும் பவுலுமே 'சொன்னான்' என்று வருவதால், இதில் வேண்டுமென்று செய்த இழிவு இல்லை என்பதை ஒப்புகிறோம். ஆயினும் ஒரே மூச்சில் ஆண்டைக்கு 'நீர்', அடிமைக்கு 'அவன்', அதன்பின் 'சகோதரன்' என்று கேட்கும் தமிழ்க் காது, சகோதரத்தின் அளவை அந்த விகுதியிலேயே அறிந்துகொள்கிறது. இக்கட்டுரையில் நாம் ஒநேசிமுவை 'அவர்' என்றே எழுதி வந்தோம். படித்தவர் எத்தனை பேருக்கு அது உறுத்திற்றோ!

இதனினும் பெரிய விஷயம் இனி வருவது. அடிமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல், இக்கடிதத்தில் 'அடிமையானவன்' என்றே தமிழாகியிருக்கிறது. இவ்விடத்தில் ஆங்கிலத்தாரின் பழைய வேதம் வேலைக்காரன் என்று மழுப்பியதைவிடத் தமிழ் நேர்மையாக நடந்துகொண்டது. ஆனால் எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய கடிதங்களிற் கீழ்ப்படியுங்கள் என்று வரும் இடத்தில் அதே சொல் 'வேலைக்காரரே' என்று மாறிவிட்டது. ஆண்டை விற்கவும் அடிக்கவும் உரிமை பெற்றிருந்த அடிமைக்குச் சொன்னது, கூலிக்கு உழைத்துக் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குச் சொன்னதாக மாறி ஒலிக்கிறது. சகோதரனே என்று தழுவும் வசனத்தில் இருப்பவன் என்றோ எங்கோ வாழ்ந்த ஓர் அடிமை; எஜமானுக்கு நடுக்கத்தோடு கீழ்ப்படி என்னும் வசனத்தில் இருப்பவனோ, நம் வரிசை வீடுகளில் விளக்கடியில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பால்வெட்டுத் தொழிலாளி. இது மொழிபெயர்த்தோர் செய்த சூழ்ச்சி என்று நாம் கருதவில்லை. ஆனால் ஒரு சொல்லைப் பெயர்க்கையில் யார் தலையில் அது விழுகிறது என்று பார்த்தல் அவசியம். மலாயாவில் 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழியும்வரை, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்றவர் சட்டத்தின் முன் குற்றவாளி. ஒப்பந்தக்கூலியும் ரோமானிய அடிமையும் ஒன்றல்ல. ஆயினும் ஓடிப்போனவர் என்ற சொல் நம் முன்னோர்க்கு எத்தகைய அச்சத்தைத் தந்ததென்று முதியவர்களிடம் கேட்டவர் அறிவர்.

இனி நாள்வாசிப்பின் முறை. ஒரு நாளைக்குச் சில வசனம் என்று பகுத்துக் கொள்வது வேலை செய்து பிழைப்பவர்க்கு வசதியே. பெரிய நூல்களுக்கு அது பொருந்தும். கடிதத்துக்குப் பொருந்துமா? நண்பரிடமிருந்து வந்த கடிதத்தை இன்று நான்கு வரி, நாளை நான்கு வரி என்று எவரும் படிப்பதில்லை. பகுத்தலோடு வெட்டுதலும் சேர்ந்துவிடுகிறது. ரோமன் கத்தோலிக்கரின் மூன்றாண்டு ஞாயிறு வாசகமுறையில் இக்கடிதம் ஒரே ஒரு ஞாயிறன்று வருகிறது: 9, 10 வசனங்கள், பின்னர் 12 முதல் 17 வரை. பெயரின் சிலேடை அமைந்த 11-ஆம் வசனம் விடுபட்டது. 17-ஓடு நிறுத்தியதால், என் கணக்கில் எழுதும் என்னும் 18-உம், தம் கையால் எழுதிய 19-உம் இல்லை. சொல்வதற்கு மேலாகச் செய்வீர் என்பதும் இல்லை. இடம் ஆயத்தஞ் செய்யும் என்பதும் இல்லை. கடனை ஏற்கும் கையெழுத்து இல்லாத பரிந்துரை, வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. இதே முறையின் வாரநாள் வாசகத்தில், இரண்டாண்டுக்கு ஒருமுறை, 7 முதல் 20 வரை முழுதும் வருகிறது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். புரட்டஸ்தாந்து சபைகள் பல பின்பற்றும் பொது வாசகமுறை 1 முதல் 21 வரை கொடுத்திருக்கிறது. விருந்தாளி வருகிறார் என்னும் 22-க்கு ஒரு வசனம் முன்னதாக நின்றுவிட்டது. அந்த ஒரு வசனத்துக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

கிறிஸ்தவ அன்பர்கள் ஒருநாள் மாலை இக்கடிதத்தை முதற்சொல்லிலிருந்து கடைசி வாழ்த்துவரை ஒரே இருப்பில் உரக்க வாசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். வீட்டுத் தலைவர் வாசியாமல், வீட்டில் வேலைசெய்பவர் எவரேனும் இருப்பின் அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். கிறிஸ்தவரல்லாத தோழர்களும் வாசிக்கலாம். பிலேமோன்கள் எந்த ஒரு மதத்துக்கும் உரியவரல்லர்.

பிலேமோன் என்ன செய்தார்? கடிதம் சொல்லவில்லை. கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், உண்மையும் பிரியமுமுள்ள சகோதரர் என்று ஓர் ஒநேசிமுவின் பெயர் வருகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்நாசியு எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் ஒநேசிமு என்னும் கண்காணியார் ஒருவர் பேசப்படுகிறார். அவரே இவர் என்றும், இக்கடிதம் அழியாமற் காக்கப்பட்டதற்கு அவரே காரணம் என்றும் ஜான் நாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1935-இல் எழுதினார். ஒநேசிமு என்பது அடிமைகளிடையே மலிந்த பெயராதலால், அதைச் சான்று என்று கொள்வதற்கில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பிலேமோன் கடிதத்தைக் கிழித்தெறிந்திருந்தால் அது நம் கைக்கு வந்திராது. யாரோ ஒருவர் அதை மடித்து வைத்திருந்தார். அதைச் சுமந்துகொண்டு ஒநேசிமு அவ்வீட்டு வாயிலில் வந்து நின்றபோது, உள்ளே எழுதியிருந்ததை அவர் அறிந்திருந்தாரா, எழுத்தறிந்தவர்தாமா என்பதும் அதில் இல்லை.